கதவைத் தட்ட ஒரு காரணம்

2022 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை. வடபழனி முருகன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். முகூர்த்த நாளென்றால் ஒரே காலையில் எத்தனை ஜோடி மாலை மாற்றிக்கொண்டது என்று எண்ண முடியாத இடம் அது. ஆனால், அன்று ஒமைக்ரான் அலைக்காகத் தமிழ்நாடு முழுக்க ஞாயிறு ஊரடங்கு. பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கோபுரக் கலசத்தில் புனித நீர் விழுந்ததை ஊரே டி.வி.யில் பார்த்தது. அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் மொட்டை மாடியில் ஏறி, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் மாடி ஏறியது கலசத்தைப் பார்க்க மட்டும்தானா? கலசம் டி.வி.யில் இன்னும் குளோஸப்பில் தெரிந்ததே! மாடிக்குப் போனால் எதிர் மாடியில் எதிர்வீட்டுக்காரர் நிற்பார். கையை ஆட்டலாம். ‘அங்கேர்ந்து தெரியுதா?’ என்று கத்தலாம். முருகனைச் சாக்கு வைத்து மனுஷ முகத்தைத் தேடிப் போனவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. முருகன் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த இரண்டு வருடங்களில் நாம் எல்லோரும் தனிமையைக் கொஞ்சம் ருசி பார்த்தோம். 2020 மார்ச் 25-ல் தேசம் பூட்டப்பட்டது. சென்னைக்கு மட்டும் ஸ்பெஷலாக ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழுப் பூட்டு. 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம் என்று மத்திய அரசு சொன்னது. பெரிய கோயில்களின் கதவு செப்டம்பர் 1-ம் தேதிதான் திறந்தது. தொற்று வந்த வீடுகளின் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சென்னையில் சில இடங்களில் தகரமே வைத்து அடைத்தார்கள். அப்போது நமக்கு என்னவெல்லாம் ஆச்சு என்று நினைத்துப் பாருங்கள். செவ்வாயா, வியாழனா என்று தெரியவில்லை. ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் போனது, பகல் 11 மணிக்கு வந்தது. சின்ன விஷயத்துக்குக் கோபம். காரணமே இல்லாமல் ஓர் அழுகை. வருஷக்கணக்கில் பேசாத காலேஜ் நண்பனுக்குப் போன் போட்டு, ‘சும்மாதான்டா’ என்றோம்.

பிறகு பூட்டு திறந்தது. நாம் வெளியே ஓடினோம், மறந்தும் போனோம். ஆனால், நம் தெருவிலேயே சிலருக்கு அந்த ஊரடங்கு 2020-க்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. இன்னும் முடியவில்லை. நடுவில் கொஞ்ச நாள் நாம் அவர்களுக்குத் துணையாக வந்து போனோம், அவ்வளவுதான்.

ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்வோம். நிஜ ஆள் இல்லை. ஆனால், உங்கள் ஃபிளாட்ஸில் தேடினால் கிடைப்பார். வயது 74. வடபழனி குமரன் காலனிப் பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டாவது மாடி. முழங்கால் தேய்ந்துவிட்டதால் கீழே இறங்குவது மாதத்துக்கு ஒரு தடவை. மனைவி இறந்து ஆறு வருஷம். பையன் சிங்கப்பூர், பெண் புனே. இந்த வட்டாரத்துக்காரராச்சே, வேலை சினிமாவில்தான்: நெகடிவ் கட்டிங். எடிட்டர் வெட்டி ஒட்டிய பிரதியைப் பார்த்து, ஒரு ஃபிரேம் பிசகாமல் ஒரிஜினல் நெகடிவை வெட்டும் வேலை. தப்பாக வெட்டினால் ஒட்ட முடியாது, ஹீரோவை மறுபடி கூப்பிட முடியாது. ஃபிலிம் சுருளே சினிமாவை விட்டுப் போனபோது அந்தக் கையும் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் வேலை பார்த்த நாட்களில் ஸ்டுடியோவாக இருந்த விஜயா வாகினி வளாகத்தில் இப்போது மாலும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

இவர் ஏழை இல்லை. பையன் மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறான். ஹாலில் கேமரா மாட்டியிருக்கிறான், அப்பா விழுந்துவிட்டால் சிங்கப்பூரில் தெரியும். பால் பாக்கெட் கதவில் தொங்கும் பையில் விழுகிறது. தண்ணீர் கேன், மருந்து, காய்கறி, சாம்பார் சாதம் எல்லாம் ஆப்-பில். கரன்ட் பில்லைப் பெண் புனேயிலிருந்து கட்டிவிடுகிறாள். பேப்பர்கூட கதவு இடுக்கில் வருகிறது.

எல்லாம் வருகிறது. யாரும் வருவதில்லை.

நேற்று அவர் பேசிய மொத்த வசனத்தை எண்ணிப் பார்ப்போமா? டெலிவரி பையனிடம், ‘ஓ.டி.பி. நாலு ஏழு ரெண்டு ஒண்ணு.’ பையனிடம் வீடியோ காலில், ‘சாப்ட்டேன்ப்பா. ஒண்ணுமில்ல. நீ பாரு வேலைய.’ அப்புறம் டி.வி.யில் அரசியல்வாதியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை. முடிந்தது.

தனிமை என்பது ஒரு தண்டனை என்று நம் சட்டத்துக்கு நன்றாகவே தெரியும். 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 73, 74 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 11, 12 என்று நம்பர் மாறி உட்கார்ந்திருக்கின்றன. கடுங்காவல் தண்டனை பெற்றவனைத் தனிமையில் அடைக்கக் கோர்ட் உத்தரவிடலாம். ஆனால், ஒரே மூச்சில் 14 நாளைத் தாண்டக் கூடாது. இடையிடையே இடைவெளி விட வேண்டும். மொத்தமாக மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. எப்பேர்ப்பட்ட குற்றவாளிக்கும் இதுதான் உச்சவரம்பு. கசையடி கொடுத்த காலத்து வெள்ளைக்காரச் சட்டம்கூட இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருக்கிறது.

ஐ.நா. சபை 2015-ல் கைதிகளுக்காக நெல்சன் மண்டேலா பெயரில் ஒரு விதித் தொகுப்பை ஏற்றது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் ஒருவரை அடைத்துவைத்தால் அது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் கூடவே கூடாது என்கிறது. ‘பொருளுள்ள’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கம்பி வழியாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிற வார்டரைக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்படியானால் ஓ.டி.பி. கேட்கிற பையனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

‘சிறையும் வீடும் ஒண்ணா சார்? அவர் கதவு உள்பக்கம்தானே தாழ்ப்பாள்?’ என்று கேட்பீர்கள். நியாயம். வித்தியாசம் பெரியதுதான். ஆனால், மூளைக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பது கொஞ்ச நாள்தான் ஞாபகமிருக்கும் போலிருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் கனடாவில், மெக்கில் பல்கலைக்கழகத்தில், டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளரின் குழு ஒரு பரிசோதனை செய்தது. கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 20 டாலர், அந்தக் காலத்துக்கு நல்ல காசு. வேலை? சும்மா படுத்திருக்க வேண்டும். மெத்தை உண்டு, சாப்பாடு உண்டு, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். கண்ணுக்கு மங்கலான கண்ணாடி, கைக்கு உறை, காதுக்கு ஒரே மாதிரியான இரைச்சல். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. சிலருக்கு இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. கதவு திறந்துதான் இருந்தது.

நம் பெரியவருக்கு டி.வி. இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஆற்காடு ரோட்டு ஹாரன் இருக்கிறது. அவருக்கு மாயத் தோற்றமெல்லாம் வராது. அவருக்கு வருவது மெதுவாக வரும். முதலில் தினம் ஷேவ் பண்ணுவது நிற்கும். அப்புறம் குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும். ராத்திரி ரசம் சாதம் பிஸ்கட்டாகும். முதுகு வலி, தலைச்சுற்றல், மலச்சிக்கல் என்று டாக்டரிடம் போவார். ‘மனசு சரியில்லை’ என்று சொல்லவே மாட்டார், அந்த வாக்கியமே அவர் தலைமுறையில் கிடையாது. வயதானவர்களின் மனச்சோர்வு இப்படி உடம்பு வேஷம் போட்டுக்கொண்டு வருவது சகஜம். சில சமயம் ஞாபகமறதி வேஷமும் போடும். வயசாயிடுச்சு என்று நாமும் விட்டுவிடுவோம். சிகிச்சை செய்தால் சரியாகக்கூடிய விஷயம் அப்படியே கிடக்கும்.

இன்னொன்றும் நடக்கும். அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கசியோப்போ என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2018-ல் காலமானார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தனிமை உணர்வை ஆராய்வதிலேயே கழித்தவர். பசியும் தாகமும் மாதிரி தனிமையும் உடம்பு அடிக்கிற ஒரு மணி என்பார். தண்ணீர் வேண்டும் என்று தாகம் சொல்கிறது, மனுஷன் வேண்டும் என்று தனிமை சொல்கிறது. ஆனால், ஒரு விபரீத வித்தியாசம். ரொம்பப் பசித்தவன் சோற்றைப் பார்த்து ஓடுவான். ரொம்ப நாள் தனிமையில் கிடந்தவன் மனுஷனைப் பார்த்தால் பின்வாங்குவான். எதிரே வருகிறவன் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறான் என்று கணக்குப் போடுவான். மூளை காவல்கார மூளையாக மாறிவிடுகிறது.

அதனால்தான் உங்கள் மாடிப் பெரியவர் சிடுசிடுக்கிறார். அசோசியேஷன் மீட்டிங்கில் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போடுகிறார். குழந்தைகள் பந்து உள்ளே போனால் தர மறுக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? ‘அந்த ஆள்கிட்ட வெச்சுக்காதே’ என்று வீட்டில் சொல்லிவைக்கிறோம். அவர் கதவை அவர் பாதி மூடினார், மிச்சப் பாதியை நாம் மூடினோம்.

இங்கே ஒருவர் ஒளவையாரை அழைத்து வருவார். தனிமையில் என்ன தப்பு, முருகன் ‘எது இனியது?’ என்று கேட்டதற்குப் பாட்டி முதலில் சொன்னதே ஏகாந்தம்தானே என்பார். சரிதான். ஆனால், அந்தப் பாட்டு ஒரு படிக்கட்டு. ஏகாந்தம் அதில் முதல் படி. அதைவிட இனியது, அதைவிட இனியது என்று ஏறிக்கொண்டே போய், பாட்டி கடைசியில் நிற்பது அறிவுள்ளவர்களைக் கனவிலும் நனவிலும் காண்பதில். முதல் அடியோடு எழுந்து போனவர்கள்தான் ஏகாந்தத்துக்கு சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறார்கள்.

ரமணரையும் சொல்வார்கள். 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்து, குகையில் கிடந்து, வருடக்கணக்கில் பேசாமலிருந்தவர். பிற்காலத்தில் அவருடைய நாளைப் பாருங்கள். விடிவதற்கு முன் ஆசிரமச் சமையல்கட்டில் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். ஹாலில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேட்கலாம். தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான ஏகாந்தி, 1950-ல் மறையும்வரை, ஏறக்குறையப் பொதுச் சொத்தாகத்தான் இருந்தார். அவரிடம் ஆட்கள் எதையோ கேட்டு வந்தார்கள். காய்களும் நறுக்கப்படக் காத்திருந்தன.

நம் வடபழனிக் கோயிலே அப்படித்தானே ஆரம்பித்தது! சுமார் 130 வருடங்களுக்கு முன், தீராத வயிற்று வலிக்காரரான அண்ணாசாமி நாயக்கர் ஓர் ஓலைக் கொட்டகையில் முருகன் படத்தை வைத்துக் கும்பிட்டார். அவர் வாக்கு பலிக்கிறது என்று ஜனங்கள் குறி கேட்க வந்தார்கள் என்கிறது கோயில் வரலாறு. ஒரு நோயாளியின் தனிக் கொட்டகை, பத்துப் பேர் கேட்டு வந்ததால் கோயிலாயிற்று.

என் கேள்விக்கு வந்துவிட்டேன். குமரன் காலனிப் பெரியவருக்கு யார் பொறுப்பு?

பிள்ளைகள் என்பது சுலபமான பதில். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பணம் தராத பிள்ளையைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். ஆனால், இந்தப் பையன் பணம் தருகிறானே! தினம் அரை மணி நேரம் அப்பாவோடு வம்பு பேசு என்று எந்தத் தீர்ப்பாயமும் உத்தரவு போட முடியாது. அரசாங்கமா? பிரிட்டனில் 2018-ல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரைப் போட்டார்கள். ஜப்பானில் 2021-ல். உலகத்தில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று 2025-ல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை தந்தது. (இது தாத்தா வியாதி என்று நினைக்காதீர்கள். 13-லிருந்து 29 வயதுக்குள் இருப்பவர்களில் 17 முதல் 21 சதவிகிதம் பேர் தனிமையாக உணர்வதாக அதே அறிக்கை சொல்கிறது. சாலிகிராமத்தில் ஒற்றை ரூமில் லேப்டாப்போடு கிடக்கும் ஐ.டி. பையனும், கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் இருக்கும் இளம்பெண்ணும் இந்தப் பட்டியலில் உண்டு.) அறிக்கைகள் வரட்டும். அமைச்சர் வந்து காலிங் பெல் அடிக்க மாட்டார்.

காலிங் பெல் என்றதும் ஞாபகம் வருகிறது. நாற்பதைத் தாண்டியவரா நீங்கள்? அப்படியானால் ‘பி.பி. நம்பர்’ தெரிந்திருக்கும். தெருவில் ஒரு வீட்டில்தான் போன். பத்து வீட்டுக்காரர்கள் உறவுக்காரர்களுக்கெல்லாம் அந்த நம்பரைக் கொடுத்திருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு டிரங்கால் வரும். போன் வீட்டுப் பையன் அலுத்துக்கொண்டே ஓடிப்போய்க் கூட்டிவருவான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க டி.வி. இருக்கிற வீட்டில் இருபது செருப்பு. உறைமோருக்குக் கிண்ணம், ஒட்டடைக்கு ஏணி, ஊசிப்போன ஃப்யூஸைப் போட ஆள், எல்லாவற்றுக்கும் பக்கத்துக் கதவு.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அது பற்றாக்குறைக் காலம். அந்தப் போன் வீட்டம்மாவைக் கேட்டால் எவ்வளவு எரிச்சல் என்று சொல்வார். பக்கத்து வீட்டு மூக்கு நம் சமையலறைவரை நீளும். சிலருக்குக் கதவு திறக்கவே திறக்காது, ஜாதி பார்த்துத்தான் கிண்ணம் போகும். ஆனால், ஒன்று மட்டும் நடந்தது. கதவைத் தட்ட ஒரு காரணம் இருந்தது. தட்டப்பட்ட கதவுக்குப் பின்னால் இருந்தவருக்குத் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

கடந்த இருபது முப்பது வருடங்களில் நாம் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக ஒழித்துவிட்டோம். வசதிக்காகத்தான், கெட்ட எண்ணம் இல்லை. முதியவருக்கு நாம் செய்கிற உதவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு அனுப்புகிறோம், பில் கட்டுகிறோம், கேமரா வைக்கிறோம். ஒவ்வொரு உதவியும் யாரோ ஒருவர் மாடி ஏறி வரத் தேவைப்பட்ட காரணத்தைக் கழிக்கிறது. ஒவ்வொரு உதவியும் அவரிடம் ‘உங்களால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை’ என்கிறது. அவரிடம் எல்லோரும் கொடுக்கத்தான் வருகிறார்கள். கேட்க ஒருவரும் வருவதில்லை.

நம் வீடுகளில் அடிக்கடி பாராட்டு வாங்குகிற வாக்கியம் ஒன்று உண்டு. ‘நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது.’ பெரியவர்கள் இதைச் சொன்னால் நாம் நெகிழ்கிறோம். எனக்கு இப்போதெல்லாம் இந்த வாக்கியத்தின் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. அதில் தியாகம் பாதி, வீம்பு பாதி. அதன் மறுபக்கத்தைப் படியுங்கள்: ‘நீயும் எனக்குப் பாரமாக இருக்காதே.’ யாரும் யாருக்கும் பாரமில்லாத ஒரு தெரு எப்படி இருக்கும்? 2020-ல் தகரம் அடித்த தெரு மாதிரி இருக்கும். தொற்று மட்டும் இருக்காது.

ஆகவே, நீங்கள் போய்க் கேட்க வேண்டும் என்கிறேன். பழத்தட்டோடு ‘எப்படியிருக்கீங்க’ என்று விசாரிக்கப் போவது வேறு. அது ஒருநாள் கூத்து. இரண்டாவது வாரம் உங்களுக்கு வேலை வந்துவிடும், அவருக்கும் ‘பாவம்னு வர்றாங்க’ என்று தெரிந்துவிடும். பொய்த் தேவையை உண்டாக்கிக்கொண்டும் போகாதீர்கள். வீட்டில் அரை கிலோ சர்க்கரை வைத்துக்கொண்டு ஒரு கப் சர்க்கரை கேட்டால், ஃபிரேம் பிசகாமல் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா? உங்களுக்கு நிஜமாகவே ஆக வேண்டியது எது என்று யோசியுங்கள். இருக்கும். நீங்களும் வீட்டுக்காரியும் வேலைக்குப் போனால் கேஸ் சிலிண்டரை யார் வாங்கி வைப்பது? வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது? பெண்ணின் ஸ்கூல் வேன் சீக்கிரம் வந்துவிட்டால் அரை மணி எங்கே உட்காருவாள்?

சாவி கொடுப்பது சாதாரண விஷயமில்லை. கொடுத்தவருக்கும் கொஞ்சம் பயம் இருக்கும், வாங்கியவருக்கும் கொஞ்சம் பொறுப்பு வரும். சிலிண்டர் 11 மணிக்கு வருமென்றால் 11 மணிக்கு அவர் விழித்திருக்க வேண்டும், சட்டை போட்டிருக்க வேண்டும். நாளுக்கு ஒரு 11 மணி கிடைக்கிறது. ஊரடங்கில் நம்மிடமிருந்து காணாமல் போனது அதுதானே?

ஒரு எச்சரிக்கை. சாவி மருந்தல்ல. சாப்பாடு குறைந்து, எடை இறங்கி, ‘போதும்ப்பா, போய்ச் சேர்ந்தா சரி’ என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்துவிட்டால் அது டாக்டர் பார்க்க வேண்டிய நோய். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காகச் சென்னையில் சிநேகா அமைப்பு 1986-லிருந்து காது கொடுத்துக் கேட்டுவருகிறது. 1794-லிருந்து மனநோய்க்கென்றே ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஊர் நம்முடையது. ஆனால், ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லிச் சொல்லி சினிமாவில் சிரித்தே, அந்தக் கதவையும் யாரும் தட்ட முடியாமல் பண்ணிவிட்டோம். (நம் பெரியவர் அந்தக் காமெடி சீன்களின் நெகடிவைத் தன் கையாலேயே வெட்டியிருக்கலாம்.)

‘அவர் வேண்டாம்னு சொல்லிட்டா?’ என்று ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. சொல்வார். ‘எனக்கு எதுக்கு சார் வம்பு, தொலைஞ்சுபோச்சுன்னா நான் ஜவாப் சொல்லணும்’ என்பார். கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காமல் சொல்வார். அவர் இஷ்டத்தை மதிக்க வேண்டியதுதான். ஒருவரை இழுத்து உட்காரவைத்து நட்பு பண்ண முடியாது. ஆனால், பேசுவது அவரா, ஆறு வருஷத்துத் தனிமை வளர்த்த அந்தக் காவல்கார மூளையா என்று ஒரு தடவை கேட்டதை வைத்து உங்களால் சொல்ல முடியாது. அதனால் இரண்டு வாரம் கழித்து, அடுத்த சிலிண்டருக்கு மறுபடி படியேறுங்கள். அப்போதும் சங்கிலி அப்படியே இருக்கலாம். ஆனால், மூடுவதற்கு முன் ‘எத்தனை மணிக்கு வரும்னு சொன்னீங்க?’ என்று கேட்டாலும் கேட்பார்.